ஜின் ஜுன் மெய்யா, தியன்ஹோங்கா: பேசாமல் உட்கார எது தோது?

காலையில் அரை மணி நேரம் போனைத் தள்ளி வைத்து, யாரோடும் பேசாமல் தேநீரோடு மட்டும் உட்காருவது என்று முடிவானதும், எந்தத் தேயிலை என்ற கேள்வி வந்தது. சீனச் சிவப்புத் தேயிலைகளில், அதாவது நம் கடைகளில் பிளாக் டீ என்று விற்கிற இனத்தில், கடைசி வரை நின்றவை இரண்டு. ஒன்று ஃபூஜியன் மாகாணத்து ஊயி மலைகளின் ஜின் ஜுன் மெய். இன்னொன்று யுனானின் தியன்ஹோங் பொன்மொட்டு. நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன். இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

லாப்சாங் சூசோங்கையும் பார்த்தேன். பைன் விறகுப் புகையில் உலர்த்தியது என்பதால் முதல் வாயிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அன்ஹுய் மாகாணத்துக் கீமுன் வாசனைக்காரி. ஆனால் அதே இலையில் மறுபடி மறுபடி வெந்நீர் ஊற்றி வடிக்கும்போது மூன்றாம் ஊற்றுக்கு மேல் தாங்கவில்லை.

கடைசி வரை நின்றவைக்கு வருவோம். பாலும் சர்க்கரையும் இரண்டுக்குமே வேண்டாம். விலையில் தியன்ஹோங்குக்குத்தான் வெற்றி. அஸ்ஸாம் தேயிலையின் அகன்ற இலை இனமே இதுவும். 1930களின் கடைசியில், ஜப்பானியப் படையெடுப்பால் கிழக்குத் தோட்டங்கள் கைவிட்டுப் போன நேரத்தில் யுனானில் உருவானது. டீக்கடை டீயில் வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

எனக்குத் தீர்ப்பு சொன்னது ஊறும் நேரம். 100 மில்லி மூடிக் கிண்ணத்தில் நாலு கிராம் இலை, 90 டிகிரிக்குப் பக்கத்தில் வெந்நீர், பத்து விநாடியில் வடித்துவிட வேண்டும். தியன்ஹோங்கில் மனம் கொஞ்சம் அலைந்து ஒரு நிமிடம் ஆகிவிட்டால் துவர்ப்பு ஏறி நாக்கு வறண்டுவிடுகிறது. அந்தப் பயத்தில் கண் கடிகாரத்துக்கே போகும். மூன்று மூச்சு எண்ணி வடிக்கலாமே என்று செய்து பார்த்தேன். கொஞ்ச நாளில் மூச்சே கடிகாரமாகிவிட்டது. அந்தக் கண்டிப்பே ஒரு பயிற்சி என்பார்கள் சிலர். இருக்கலாம், எனக்கு ஒத்துவரவில்லை.

ஜின் ஜுன் மெய் சிற்றிலைச் செடியின் வசந்தகால மொட்டு மட்டுமே. ஒன்றரை நிமிடம் மறந்துவிட்டாலும் கெட்டிப்படுமே தவிர கடுக்காது. அதனால் கவனம் முழுக்கக் கோப்பைக்கே கிடைக்கிறது. மூடியைத் திருப்பி முகர்ந்தால் தேன் வாசனை. சாற்றின் மேல் வெளிச்சத்தில் மினுக்கும் பொன்னிறப் பூந்துகள், மொட்டிலிருந்து உதிர்ந்த ரோமம். மூன்றாம் ஊற்றில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வருகிறது. ஆறாவதில் வாயில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். விழுங்கிச் சற்றுப் பொறுத்தால் தொண்டையிலிருந்து இனிப்பு மேலே ஏறும். அதற்காகக் காத்திருப்பதுதான் நான் சொல்லும் உட்காருதல். தியன்ஹோங்கில் இந்தப் பின்னினிப்பு இல்லாமலில்லை, ஆனால் முதல் இரண்டு ஊற்றின் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஜின் ஜுன் மெய்யைப் பழங்காலச் சான் துறவிகளின், அதாவது சீன ஜென் பௌத்தத் துறவிகளின் பானம் என்று விற்கிறார்கள். ‘போய்த் தேநீர் குடி’ என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னதாகப் பெயர்பெற்ற சான் குரு ஜாவ்ஜோ, 9ஆம் நூற்றாண்டு ஆள். சிவப்புத் தேயிலை அப்போது பிறக்கவே இல்லை. ஜின் ஜுன் மெய் ஊயி மலைகளின் தோங்மு கிராமத்தில் உருவானது 2005இல். பழமை வேண்டும் என்று இதை வாங்காதீர்கள்.

போலிதான் பெரிய தலைவலி. அரை கிலோவுக்கு ஐம்பதாயிரம் மொட்டுக்கு மேல் வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட சரக்கு மலிவாகக் கிடைக்காது. முழுக்கத் தங்க நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தோங்மு சரக்கில் கருமைதான் அதிகம், பொன் இடையிடையே ஓடும். தங்கமாய்ப் பளபளப்பது பெரும்பாலும் யுனான் மொட்டுதான். அதைத் தியன்ஹோங் விலைக்கே வாங்கலாமே! நான் வாங்கியது ஒரே வியாபாரியிடம் என்பதால், என் ருசிக் குறிப்புகளை அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

மொட்டில் காஃபின் அதிகம், ராத்திரி உட்காருகிறவர்களுக்கு இரண்டுமே ஆகாது. போர்வெல் உப்புத் தண்ணீரில் இரண்டுமே செத்துவிடும், கேன் தண்ணீர் பரவாயில்லை. முதல்முறை என்றால் 25 கிராம் போதும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அஞ்சறைப்பெட்டியிலிருந்து எட்ட வையுங்கள்.