மெயில் மேர்ஜ் நிரல் எழுதித் தருகிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள்

வெள்ளவத்தையில் இயங்கும் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் சந்தாக் கடிதங்களுக்காக, ஒரே கடிதத்தில் ஒவ்வோர் அங்கத்தவரின் விபரமும் தானாக நிரம்பும் வகையில் (இதுவே மெயில் மேர்ஜ்) வேர்ட் ஆவணத்தை அக்சஸ் தரவுத்தளத்துடன் நிரல் மூலம் இணைத்துத் தருவதாகச் சொன்ன ஒருவர், முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு எங்களை நட்டாற்றில் விட்டுவிட்டார். கொழும்பில் வேறு சங்கங்களுக்கும் இதே வேலையைச் செய்வதாக அவர் கூறியதால்தான் இதை எழுதுகிறேன்.

பொத்தானை அழுத்தியதும் கடிதங்கள் வரிசையாக அச்சாகின. தமிழ்ப் பெயர்களும் சிதையவில்லை. ஆனால், சந்தாவை ஒழுங்காகக் கட்டிய அங்கத்தவர்களுக்கும் நிலுவைக் கடிதம் போயிருந்தது. வயதான ஓர் அம்மா காரியாலயத்துக்கு வந்து, கைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த பற்றுச்சீட்டை மேசையில் விரித்து, "நான் காசு கட்டிட்டன் தம்பி, இந்தா துண்டு" என்றார். பெறுநர் பட்டியலைத் திறந்து, தரவு எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. சோதனைக்காக எங்கள் தரவுத்தளத்தின் பிரதியொன்றை சி டிரைவில் போட்டவர், நிரலில் தரவுக் கோப்பைத் திறக்கும் ஓபன்டேட்டாசோர்ஸ் கட்டளையில் அந்தப் பிரதியின் பாதையையே நிரந்தரமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் நாள்தோறும் பதிந்த கொடுப்பனவுகள் ஒரு கோப்பில் சேர, கடிதங்களோ பழைய கணக்கிலிருந்தே வந்துகொண்டிருந்தன.

பாதையைத் திருத்த முயன்றால், வேர்டுக்குள் எழுதப்படும் அந்த விபிஏ நிரல் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. திறந்து தரும்படி கேட்டதற்கு மேலும் பணம் கேட்டார். பின்னர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அதைவிடப் பாரதூரமான ஒன்றும் இருக்கிறது. தரவுத்தளத்துடன் இணைந்த ஆவணத்தைத் திறக்கும்போது, தரவைக் கேட்டெடுக்க இயங்கப்போகும் எஸ்.கியூ.எல். கட்டளையைக் காட்டி வேர்ட் அனுமதி கேட்கும். எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் ரெஜிஸ்ட்ரியில் எஸ்கியூஎல்செக்யூரிட்டிசெக் என்ற பெறுமதியை 0 ஆக்கி அந்த எச்சரிக்கையை அவர் நிறுத்தியிருந்தார். திகதிகளும் அமெரிக்க முறையில் வந்ததால், ஓகஸ்ட் 5 என்பது 8/5 என அச்சாகி, மே 8 என்று வாசிக்கப்பட்டது. கடிதத்தில் திகதி நிரம்பும் இடமான புலத்தில் திகதி வடிவத்தைக் குறித்திருந்தால் போதும். அதைக்கூட அவர் செய்யவில்லை.

இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், உங்கள் தரவுத்தளத்தில் ஒரு பதிவை மாற்றி, அந்த மாற்றம் கடிதத்தில் வருகிறதா என்று அவர் முன்னிலையிலேயே பாருங்கள். நிரலைப் பூட்டாமல் கையளிக்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வங்கிப் பரிமாற்றப் பதிவையும் அவர் அனுப்பிய செய்திகளையும் இணைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதேபோல் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் பற்றுச்சீட்டுகளுடன் எங்களைத் தொடர்புகொண்டால் உதவியாக இருக்கும்.