வெயில்காலக் கலைச்சந்தைக்குக் கண்ணாடிச் சட்டமா, அக்ரிலிக் சட்டமா?

மிச்சிகன் மாநிலத்தில் 1960இல் தொடங்கி, ஜூலை மாதத்தில் நகரத் தெருக்களிலேயே நடக்கும் ஆன் ஆர்பர் கலைச்சந்தை போன்ற திறந்தவெளிகளில் விற்கும் ஓவியர்களைக் குழப்பும் கேள்வி இது: சட்டத்தில் படத்தின் முன்னே கண்ணாடி போடுவதா, அக்ரிலிக் எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு போடுவதா?

எடை: ஒரே தடிமனில் அக்ரிலிக் தகடு கண்ணாடியின் எடையில் பாதிகூட இராது; கூடாரச் சுவரில் பெரிய படங்களை மாட்டும்போது இதன் அருமை தெரியும்.

உடைதல்: கோடைப் புயற்காற்று கூடாரத்தை உலுக்கிப் படம் விழுந்தால், கண்ணாடிச் சில்லு ஓவியத் தாளையே கிழித்துவிடும், அக்ரிலிக் பெரும்பாலும் தப்பிவிடும்.

விலை, கீறல்: கண்ணாடிக்கு விலையும் குறைவு, எளிதில் கீறலும் விழாது.

தூசி: உலர்ந்த துணியால் துடைத்தால் அக்ரிலிக்கில் நிலைமின்னூட்டம் ஏறித் தூசியை இழுப்பதோடு, பாஸ்டல் (வண்ணப்பொடிக் குச்சி), கரி ஓவியங்களின் பொடியையும் தாளிலிருந்து பெயர்த்தெடுக்கும்.

ஆகவே, ஊர் ஊராகச் சுமந்து செல்லும் நீர்வண்ண ஓவியங்களுக்கு அக்ரிலிக்கையும், பாஸ்டலுக்கும் கரிக்கும் எடையைப் பாராமல் கண்ணாடியையும் தேர்ந்துகொள்ளுங்கள்.