உமிழ்நீரில் பூர்வீகம் சொல்வதாக 27,000 ரூபாயை வாங்கிவிட்டார்கள்: குமரி மாவட்டத்தார் கவனத்திற்கு

நாகர்கோவிலில் எங்கள் குடும்பம் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வழக்கமாக ரத்தம் கொடுக்கும் பரிசோதனை நிலையம் ஒன்றும், அது முகவராக இருக்கும் வெளியூர் மரபணு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, எங்கள் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துத் தருவதாக 27,000 ரூபாயை வாங்கின. கேட்ட ஒரே கேள்விக்கும் பதில் தராமல், என் அண்ணனின் விவரங்களையும் அந்நியர் கையில் சேர விட்டுவிட்டு, இப்போது தொலைபேசியை எடுக்கவே மறுக்கின்றன. அவர்களுடைய கடைசி மின்னஞ்சல் இன்று காலையில் வந்தது. அதைப் படித்த கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்க இருப்பதால் பெயர்களை இங்கே எழுதவில்லை. இத்தகைய பரிசோதனைக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதை முடிவில் சொல்கிறேன்.

எங்கள் கேள்வி மிகச் சிறியது. பாட்டாவின் (அப்பாவின் அப்பாவின்) தகப்பனார் இலங்கையிலிருந்து தோணியில் வந்து குளச்சலில் இறங்கியவர் என்று குடும்பத்தில் ஒரு சாராரும், கொல்லத்திலிருந்து வந்து குடியேறியவர் என்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் கையில் இருக்கும் திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களில் நிலத்தின் நான்கு எல்லைகள் இருக்கின்றன. வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பது இல்லை. அப்பாவின் மூத்த சகோதரியான எங்கள் அத்தைக்கு எண்பது வயது கடந்துவிட்டது. “நான் கண்ணடையுததுக்கு முன்னால அது கொல்லமா கொழும்பான்னு தெரிஞ்சாப் போதும், மக்களே” என்று அவர் அடிக்கடி சொல்வார்.

பரிசோதனை நிலையத்தில் அந்த விளம்பரப் பலகையைப் பார்த்து நான் விசாரித்தபோது, எங்கள் வீட்டுக்கே வந்து அத்தைக்கு ரத்தம் எடுத்துச் செல்லும் இளைஞர்தான் விளக்கம் சொன்னார். மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில், பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட மனிதர்களின் எம்130 என்னும் மரபணுக் குறியீட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு கண்டறிந்த செய்தியை அவர் எடுத்துக் காட்டினார். “அவ்வளவு பழைய காலத்தையே கண்டுபிடிக்கிறார்கள், அக்கா, நூறு நூற்றைம்பது வருடத்துக் கதையா கடினம்? இலங்கையா கொல்லமா என்று ஊர்ப் பெயரோடு வந்துவிடும்” என்றார். பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் அமர்ந்து தேநீர் குடித்துச் செல்பவர், அத்தையின் கைநரம்பை வலிக்காமல் தேடி எடுப்பவர், பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்? 13,500 ரூபாயைக் கட்டினேன். குழாயில் குறியிட்ட அளவு வரை உமிழ்நீரை நிரப்பி நான் மூடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் தம் கையிலிருந்த கணினிப் பலகையில் என் பெயரில் கணக்கைத் தொடங்கி, ஒப்புதல் பக்கங்களைத் தாமே ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, “எல்லாருக்கும் உள்ள விதிகள்தான், அக்கா” என்றார். ஆராய்ச்சிக்குத் தரவைப் பகிரும் ஒப்புதலும், மரபணு ஒத்துப்போகும் மற்ற வாடிக்கையாளர்களைக் காட்டும் உறவினர் தேடலில் பெயரைக் காட்டும் ஒப்புதலும், மாதிரியைச் சேமித்து வைக்கும் ஒப்புதலும் அந்தப் பக்கங்களில்தான் இருந்தன என்பது பின்னர்தான் தெரிந்தது. இந்த ஒரு காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முடிவு வந்தது. வண்ண வண்ணமான உலக வரைபடம், அதன் கீழே “தென்னிந்தியா மற்றும் இலங்கை” என்று ஒரே பிரிவு, அதில் என் மரபணுவின் பெரும் பகுதி. நாங்கள் பிரித்துக் காட்டச் சொன்ன இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுத் திருப்பித் தந்திருந்தார்கள். நேரில் சென்று கேட்டபோது, தந்தைவழியை அறிய ஆணின் மாதிரி வேண்டும் என்றும், அண்ணன் கொடுத்தால் துல்லியமாகத் தெரியும் என்றும் மேலாளர் சொன்னார். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். பெண்ணுக்கு அது கிடையாது. பள்ளிப் பாடத்தில் இருக்கும் இந்த உண்மையை, தந்தைவழி முன்னோரைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று தெரிந்தும், என்னிடம் பணம் வாங்கும்போது அவர்கள் சொல்லவில்லை. முதல் முடிவு வந்த பிறகு சொன்னார்கள், இரண்டாவது குழாயையும் விற்பதற்காக. அண்ணனுக்கு இதில் நாட்டமே இல்லை. அத்தையின் முகத்துக்காகச் சம்மதித்தார். மேலும் 13,500 ரூபாய். ஆக 27,000.

ஒய் குரோமோசோமை வைத்துச் சொல்லும் ஆண்வழிப் பிரிவு அண்ணனுக்கு ‘எச்’ என்று வந்தது. அது இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பரவிக் கிடக்கும் பிரிவு. அதை வைத்து கொல்லத்தையும் கொழும்பையும் எவராலும் பிரிக்க முடியாது. அதோடு, எனக்கு இல்லாத “மத்திய ஆசியா” அவருக்கு ஒன்பது விழுக்காடு இருப்பதாகவும் இருந்தது. உடன்பிறந்தவர்கள் பெற்றோரிடமிருந்து வெவ்வேறு பாதிகளைப் பெறுவதால் வேறுபாடு வருவது இயல்புதான் என்று வாடிக்கையாளர் சேவையில் பதில் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் சில வாரங்களில், எங்களிடம் புதிதாக எந்த மாதிரியும் வாங்காமலேயே, “மேம்படுத்தப்பட்ட முடிவு” என்ற அறிவிப்போடு அந்த ஒன்பது விழுக்காடு மறைந்துபோயிற்றே, அதற்கு என்ன பதில்? அண்ணனின் உடம்பா மாறிவிட்டது?

அதன் பிறகுதான் இந்த விழுக்காடுகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்று தேடிப் படித்தேன். நம் முன்னோரின் மரபணு எவரிடமும் இல்லை. இன்று உயிரோடு இருப்பவர்களில் சிலரை ஒவ்வொரு பகுதிக்கும் மாதிரியாக வைத்துக்கொண்டு, அவர்களோடு நம் மரபணுவின் துண்டுகளை ஒப்பிட்டு, எது எதற்கு நெருக்கம் என்று கணினி ஊகிக்கிறது. மாதிரித் தொகுப்பையோ கணக்கிடும் முறையையோ மாற்றினால் நம் “பூர்வீகமும்” மாறிவிடும். அந்தத் தொகுப்புகளில் ஐரோப்பிய வழியினர் மிகுதி. நம்மைப் போன்றவர்கள் குறைவு. அதனால்தான் ஐரோப்பாவை நாடு நாடாகப் பிரிப்பவர்கள் நம்மைக் கடல் தாண்டியும் ஒரே பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். பாட்டாவின் தகப்பனாரிடமிருந்து எனக்கு வந்திருக்கக்கூடியது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. அந்தப் பங்கில் குளச்சல் துறையின் பெயர் எழுதப்பட்டிருக்காது. 2019இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரிகளின் மாதிரிகளை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் முடிவு மாறியது. ஒரே நிறுவனத்திலேயே அந்த இருவருக்கும் முற்றிலும் ஒன்றான விழுக்காடுகள் வரவில்லை. இவற்றையெல்லாம் அறிந்துகொண்டுதானே “ஊர்ப் பெயரோடு வரும்” என்று விற்கிறார்கள்?

பணம் போனதைக் காட்டிலும் எங்கள் வீட்டைக் கலக்கியது அடுத்து நடந்தது. உறவினர் பட்டியலில் அண்ணனின் முழுப் பெயரும் மாவட்டமும் தெரிய, வெளிநாட்டிலிருந்து முன்பின் அறியாத ஒருவர், நிறுவனம் தம்மையும் அண்ணனையும் நெருங்கிய ஒன்றுவிட்ட உறவு என்று காட்டுவதாகவும், பாட்டாவுக்கு வேறொரு குடும்பம் இருந்ததா என்றும் கேட்டு எழுதினார். மயினி (அண்ணன் மனைவி) அதைப் படித்துவிட்டு அழுதார். அத்தை நாள் முழுவதும் சாப்பிடவில்லை. மாமன் மகளையும் அத்தை மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்து வந்த சமூகங்களில், தூரத்து உறவினர் இருவர் பல வழிகளில் ஒரே முன்னோரைப் பகிர்வதால், இத்தகைய கணக்கு உண்மையைவிட நெருக்கமான உறவாகக் காட்டிவிடும். இதைச் சொல்லும் ஒரு வரிகூட அந்த அறிக்கையில் இல்லை. இறந்துபோன மனிதர் மீது ஒரு சந்தேகத்தை ஏற்றிவிட்டு, அதற்கும் சேர்த்துத்தான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

அண்ணனின் படிவத்தில் தொடர்பு எண்ணாக அண்ணன் மகளின் எண்ணைக் கொடுத்திருந்தோம். அந்த எண்ணுக்கு, அண்ணனின் பெயரைச் சொல்லி, “உங்கள் மரபணு அறிக்கைக்கு ஏற்ற” சத்துமாவும் இதயப் பரிசோதனைத் திட்டமும் விற்க அழைப்புகள் வரத் தொடங்கின. அந்தப் பெயரையும் அந்த எண்ணையும் சேர்த்து நாங்கள் வேறெங்கும் கொடுத்ததில்லை. எப்படிப் போயிற்று என்று கேட்டால், நிலையம் நிறுவனத்தைக் கைகாட்டுகிறது, நிறுவனம் “பங்குதாரர் ஆய்வகத்தை” கைகாட்டுகிறது, அந்த ஆய்வகத்தின் பெயரைக் கேட்டால் அது வணிக ரகசியமாம். வீட்டுக்கு வந்துபோன இளைஞர், தாம் மாதிரி சேகரிப்பவர் மட்டுமே என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். மேலாளர் முதலில் “பார்க்கிறேன், மேடம்” என்றார், பிறகு கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார், அதன் பிறகு எண்ணே கிடைக்கவில்லை. இன்று காலை வந்த மின்னஞ்சல் இவ்வளவுதான்: கணக்கை மூடலாம், ஏற்கெனவே ஆராய்ச்சிக்குப் பகிரப்பட்ட தரவைத் திரும்பப் பெற இயலாது, மாதிரியை அழிக்க ஆதார் அட்டையின் படத்தை அனுப்பவும், சேவை வழங்கப்பட்டுவிட்டதால் 27,000 ரூபாயைத் திருப்பித் தர விதி இல்லை. எடுத்த தரவைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் இன்னும் ஆதாரையும் கேட்கிறார்கள்!

பெரிய நிறுவனமாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ட்வென்டி த்ரீ அண்ட் மீ, நான் ஏமாந்த நிறுவனம் அன்று. இத்துறையில் உலகறிந்த பெயர். 2023இல் திருடர்கள், வேறு தளங்களிலிருந்து கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டு அதன் ஏறத்தாழ 14,000 கணக்குகளில் நுழைந்து, உறவினர் தேடல் வசதியின் வழியே ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளினார்கள். 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, மக்களின் மரபணுத் தரவும் விற்பனைக்குரிய சொத்துகளில் ஒன்றாயிற்று. தரவை அழித்துவிடுங்கள் என்று கலிஃபோர்னியாவின் தலைமை வழக்கறிஞரே வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தினார். பின்னர் அதன் நிறுவனரின் இலாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. வேறொருவர் வாங்கியிருந்தால்? கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற முடியாது. உமிழ்நீர் என்னுடையதாக இருந்தாலும் அதில் உள்ள செய்தியில் அண்ணனுக்கும், அவர் மகளுக்கும், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அவர்களில் எவரும் அந்தக் கணினிப் பலகையில் ஒப்புதல் தரவில்லை.

விரிவாக அறிவுரை எழுத நினைத்திருந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் எழுதிவிடுகிறேன். ஊரையோ குலத்தையோ குறிப்பாகச் சொல்வோம் என்று எவராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். ஒப்புதல் பக்கங்களை உங்கள் கையால் அன்றி வேறெவர் கையாலும் தொட விடாதீர்கள். ஆராய்ச்சிப் பகிர்வு, உறவினர் தேடல், மாதிரிச் சேமிப்பு ஆகிய மூன்றையும் மறுத்துவிடுங்கள். முகவர் தொடங்கிய கணக்கின் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். இதில் வரும் நோய் பற்றிய குறிப்புகளை நம்பி மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, அதன் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வரக் காலம் ஆகும். அதுவரை காத்திருக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். நான் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 27,000 ரூபாயையும், இரண்டு மாதிரிகளும் அழிக்கப்பட்டதற்கான எழுத்துச் சான்றையும் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறேன். இதே போன்று உமிழ்நீருக்குப் பணம் கட்டியவர்கள் மாவட்டத்தில் இன்னும் இருந்தால், ரசீதையும் குழாயோடு வந்த பட்டைக்குறி அட்டையையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.