முதுகு ஆபரேஷனுக்கு முந்தின வாரங்கள்: ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியா, தெருமுனை கிளினிக்கா, வீடா?

ஆபரேஷனுக்குத் தேதி குறித்த கையோடு, "அதுவரைக்கும் பிசியோதெரபி செய்யுங்க" என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வரும் முதல் கேள்வி, "ஆபரேஷன் முடிஞ்ச பொறவுலா அதெல்லாம்? முந்தியே எதுக்கு?" என்பதுதான்.

அந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. ஸ்வீடனில் 197 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளிவந்த ஆய்வில், 9 வாரம் பயிற்சி எடுத்தவர்களுக்குக் காத்திருந்த காலத்தில் வலியும் முடக்கமும் ஓரளவு குறைந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு, பயிற்சி எடுக்காதவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறிவிட்டார்கள். ஓராண்டு கழித்து நடமாட்டத்தில்தான் பயிற்சி எடுத்தவர்கள் முந்தியிருந்தார்கள். டென்மார்க்கில் 60 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முன்பயிற்சியோடு ஆபரேஷன் முடிந்ததும் சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்ததும் சேர்ந்தபோது, 7 நாள் ஆஸ்பத்திரி வாசம் 5 நாளாகச் சுருங்கியது. ஆக, வலி கூடாமல் காத்திருக்கவும், ஆபரேஷனுக்கு மறுநாள் பயமில்லாமல் எழுந்து நிற்கவும்தான் இந்தப் பயிற்சி. அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். எங்கே போவது என்பதையும் இந்த அளவுகோலை வைத்தே முடிவு செய்யலாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு இல்லை. அறுவை செய்யும் டாக்டரும் பயிற்சி சொல்லித்தருபவரும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்டுவிடலாம். ஆனால் முக்கூடலிலிருந்து கால் மரத்துப்போகிற ஒருவர் பஸ் ஏறி, மாறி, வரிசையில் நின்று, திரும்பவும் பஸ்ஸில் குலுங்கி வீடு சேர்வதற்குள் வலி முன்னைவிடக் கூடியிருக்கும். மேலப்பாளையத்துக்காரருக்கு இது எளிது, முக்கூடல்காரருக்கு வாரம் மூன்று தடவை என்பது நடக்காத காரியம்.

தனியார் கிளினிக்கில் கூட்டம் குறைவு, வேலை முடிந்து சாயங்காலமும் போகலாம். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. "கரண்ட் வச்சேன், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அநேகம். மெஷின் வைத்து லேசாகக் கரண்ட் கொடுப்பது, ஒத்தடம், இடுப்பை இழுத்துக் கட்டுவது எல்லாம் கொஞ்ச நேரச் சுகம். ஆபரேஷனுக்கு முதுகைத் தயார் செய்வது நம் தசைகள் பார்க்கும் வேலை. போகும் நேரமெல்லாம் மெஷினுக்குக் கீழே படுத்திருப்பதிலேயே கழிந்தால், அந்தப் பணத்துக்கு வேறு இடம் தேடலாம். கட்டிலிலிருந்து முதுகைத் திருகாமல், உடம்பு மொத்தத்தையும் மரக்கட்டைபோல ஒருக்களித்து உருட்டி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவதை யார் சொல்லிக்கொடுக்கிறாரோ அவரே சரியான ஆள். ஆபரேஷன் முடிந்த முதல் நாளே அது தேவைப்படும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, வயிற்றுத் தசையை இறுக்கிக்கொண்டே மூச்சு விடுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை நடப்பது ஆகியவை மற்ற பாடங்கள்.

செல்போனில் வீடியோ பார்த்துச் செய்வது எல்லாவற்றிலும் மலிவு. எனக்கு அதில் பயம். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறவருக்குப் பெரும்பாலும் முன்னால் குனிந்தால் வலி கூடும். தண்டுவடப் பாதை சுருங்கிப்போன வயசாளிக்கு நேர்மாறு: குனிந்தால் சுகம், நிமிர்ந்து நடந்தால் கால் இழுக்கும். அதனால்தான் நடக்க முடியாத சிலர் நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளைச் சிரமமில்லாமல் மிதிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தலைப்பு 'முதுகு வலி'தான். வீடியோவுக்கு உங்கள் எம்ஆர்ஐ தெரியாது.

வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பவர்களிடம் நான் மதிப்பது ஒரே விஷயம், நம் வீட்டை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். தரையில் சம்மணம் போட்டு, மடியில் பீடி சுற்றும் தட்டோடு நாள் முழுக்கக் குனிந்திருக்கும் அத்தைக்குக் கிளினிக்கில் என்ன சொன்னாலும், வீட்டுக்கு வந்ததும் தட்டு மடிக்கு ஏறிவிடும். வந்து பார்ப்பவர்தான் தட்டை மேசைக்கு ஏற்றி, அரை மணிக்கு ஒருமுறை எழச் சொல்லி, குத்தவைக்கும் கக்கூஸுக்குப் பதிலாக கமோடு நாற்காலிக்கு இப்போதே சொல்லிவைக்கச் சொல்வார். தனியாரை வரவழைத்தால் செலவு கூடுதல்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

எண்ணெய் தேய்ப்பு, சித்த வைத்தியத்தில் உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணம், வர்மம் பற்றியும் கேட்பார்கள். இதமாக எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை. நரம்பு ஏற்கெனவே அமுங்கியிருக்கும்போது முதுகை மிதிப்பது, நெட்டி முறிப்பது எதுவும் கூடாது. சாப்பிடும் நாட்டு மருந்துகளை அறுவை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், சிலது ரத்தப்போக்கைக் கூட்டலாம். தாமிரபரணியில் நீந்தலாமா என்றால், தண்ணீர் நல்லதுதான், பாசி பிடித்த படித்துறைதான் ஆகாது.

என் கணக்கு இது: டவுன், பாளை, மேலப்பாளையம்காரர்கள் ஹைகிரவுண்டிலேயே முழுசாகச் செய்யலாம். தொலைவில் இருப்பவர்கள் அங்கேயோ நல்ல கிளினிக்கிலோ சில தடவை போய்ப் பயிற்சியைச் சரியாகப் பழகிவிட்டு, மிச்சத்தை வீட்டில் செய்து, இடையிடையே ஒருவரை வரவழைத்துத் திருத்திக்கொள்வது நல்லது. பிளேட், ஸ்குரூ வைத்து எலும்பைச் சேர்க்கிற ஆபரேஷன் என்றால் ஆபரேஷன் செய்துகொள்பவர் பீடியையும் சிகரெட்டையும் குறைந்தது நாலு வாரம் முன்னாலேயே விட வேண்டும்; நிகோடின் எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

எந்த இடமானாலும் முதல் நாள் எம்ஆர்ஐ படத்தையும், எந்த எலும்பில் என்ன ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிய சீட்டையும் கொண்டுபோங்கள். நடுவில் மூத்திரம் கட்டினாலோ, தொடை இடுக்கும் ஆசனவாயும் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், குறித்த தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள்.