பீட்டில்ஸின் பிபிசி பதிவுகள்: பல ஆண்டுகள் கேட்ட பின்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸ் பிபிசி வானொலிக்காகப் பாடியவற்றின் தொகுப்பாக, 1994 நவம்பரில் ‘லைவ் அட் த பிபிசி’ என்ற இரட்டைக் குறுந்தகடு வெளிவந்தது. வாங்கிய புதிதில் பீட்டில்ஸ் தாங்களே எழுதிய பாடல்களைத்தான் அதில் தேடித் தேடிக் கேட்டேன். நாளடைவில் அவற்றின் மீதிருந்த ஆர்வம் குறைந்துவிட்டது. அவற்றின் சிறந்த வடிவங்கள் வழக்கமான இசைத்தட்டுகளிலேயே இருக்கின்றன. இன்றும் இந்தத் தொகுப்பை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம், அவர்கள் பாடிய பிறர் பாடல்கள்.

1962 மார்ச் முதல் 1965 ஜூன் வரை பிபிசி வானொலிக்காக அவர்கள் 88 பாடல்களைப் பாடினார்கள். அவற்றில் 36 பாடல்களை அந்தக் காலத்தில் இசைத்தட்டாக வெளியிடவே இல்லை. அன்றைய பிரிட்டிஷ் வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்துக்குக் கடுமையான வரம்பு இருந்ததால், குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பாடவைத்தார்கள். 1963 கோடையில் ‘பாப் கோ த பீட்டில்ஸ்’ என்று வாராந்தர நிகழ்ச்சியே கிடைத்தது. மொத்தம் 15 வாரங்கள். அப்போது அவர்களிடம் இருந்ததோ ஒரே ஒரு நீள இசைத்தட்டு. வாரம் தவறாமல் புதிதாக எதையாவது கொடுக்க, சொந்த ஊரான லிவர்பூலிலும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் மேடைகளில் இரவிரவாகப் பாடிப் பழகிய பாடல்கள் கைகொடுத்தன.

எனக்கு இதில் உயிர் ‘சோல்ஜர் ஆஃப் லவ்’. ஆர்தர் அலெக்சாண்டர் பாடிய பாடல். காதலைப் போராகவும் சமாதானத்தைச் சரணாகவும் சொல்லும் எளிய கற்பனைதான். ஆனால் ஜான் லெனன் அதைக் கெஞ்சலும் கட்டளையுமாகப் பாடுகிறார். குரலின் ஓரம் லேசாகக் கரகரக்கிறது. பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் பின்னிருந்து பதில் கொடுக்கும் இடத்தில் மூவரும் ஒரே மூச்சில் பாடுவதுபோல் இருக்கிறது. இதை அவர்கள் ஏன் இசைத்தட்டாகக் கொண்டுவரவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

‘கிளாரபெல்லா’வில் பால் மெக்கார்ட்னி தொண்டை கிழியக் கத்துகிறார்; அதே ஆள் ‘த ஹனிமூன் சாங்’கில் கிரேக்க இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடொராகிஸின் மெட்டை மென்மையாகப் பாடுகிறார். ஜார்ஜ் ஹாரிசனின் ரசிகர்கள் ‘நத்திங் ஷேக்கிங்’கைத் தவறவிடக் கூடாது. கூச்ச சுபாவமுள்ள ஜார்ஜ் என்று எழுதுகிறவர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

எல்லாம் தேறும் என்று சொல்லமாட்டேன். சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ இவர்களிடம் கால் இழுத்து நடக்கிறது. ‘டூ மச் மங்கி பிசினஸ்’தான் துள்ளுகிறது. பாடல்களுக்கு இடையே வரும் அரட்டை முதல் சில முறை இனிக்கும், பிறகு தாண்டிப் போகத் தோன்றும்.

ஒலித்தரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிபிசி இந்த நாடாக்களில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கவில்லை. வானொலிப் பெட்டியிலிருந்து நேயர்கள் வீட்டில் பதிந்துவைத்தவையும் சேர்ந்துதான் இந்தப் புதையல் மீண்டது. லிட்டில் ஈவாவின் ‘கீப் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் மை பேபி’ 1963 ஜனவரி ஒலிபரப்பு. இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். எல்லாமே மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரியாத ஒற்றைத் தட ஒலி. ஹெட்போனைவிட அறையில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்பதே எனக்குப் பிடிக்கிறது. நான்கு பேரும் ஒரே இடத்தில் நின்று வாசிப்பது அப்போதுதான் உடலில் உறைக்கிறது.

2013இல் முதல் தொகுப்பை ஒலி மெருகேற்றி மீண்டும் வெளியிட்டார்கள். புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்கலாம். அதே ஆண்டு ‘ஆன் ஏர்’ என்று இரண்டாம் தொகுதியும் வந்தது. அதில் ஏற்கெனவே இசைத்தட்டில் வந்த பாடல்களின் பங்கு அதிகம், அபூர்வங்கள் குறைவு. முதல் தொகுப்பை மனப்பாடமாகக் கேட்டு முடித்த பிறகு அதற்குப் போகலாம்.