வெருட்டுறதுக்கு எந்த இங்கிலீஷ் சொல்லு? த்ரெட்டனா, இன்டிமிடேட்டா, புல்லியா, பிளக்மெயிலா

திருகோணமலைல எங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே சொல்லுதான், வெருட்டுறது. மரக்கறிக் கடைக்குள்ள தலையை விடுற மானையும் வெருட்டுறம், சாப்பிடாத பிள்ளையையும் பேய் வருது எண்டு வெருட்டுறம், கடன் குடுத்தவனும் வாசல்ல வந்து நிண்டு வெருட்டிட்டுப் போறான். இங்கிலீஷ்ல இது நாலஞ்சா உடையுது, ஆனா ரியூஷன் பிள்ளையளும் சரி கடிதம் எழுதுற பெரியாக்களும் சரி எல்லா இடத்திலயும் த்ரெட்டன் எண்டே போடுறாங்க, இல்லாட்டி கொஞ்சம் கெத்தா இருக்கட்டும் எண்டு இன்டிமிடேட் போடுறாங்க. ரெண்டும் ஒண்டில்ல.

த்ரெட்டன் எண்டா, இன்னதைச் செய்வன் எண்டு ஆள் சொல்லியிருக்கோணும். வாயால சொல்லலாம், மெசேஜ்ல அனுப்பலாம், கத்தியைத் தூக்கிக் காட்டினாலும் அதுவும் சொன்னதுதான். ஹீ த்ரெட்டன்ட் டு கட் த வோட்டர் எண்டா, தண்ணியை வெட்டுவன் எண்டவர். என்ன செய்யப்போறார் எண்டது வசனத்துக்குள்ளயே கிடக்கு. இதில அநியாயம் இருக்கோணும் எண்டுமில்ல, வழக்குப் போடுவன் எண்டு லோயர் மூலம் கடிதம் அனுப்புறதும் த்ரெட்டன்தான். மழையும் த்ரெட்டன் பண்ணும், கார்த்திகை மாசம் துறைமுகத்துக்கு மேலால கறுத்துக்கொண்டு வரேக்க இட்ஸ் த்ரெட்டனிங் டு ரெயின் எண்டு தாராளமா சொல்லலாம், ஆனா அங்க இன்டிமிடேட்டைப் போட்டா சிரிப்பாங்க.

இன்டிமிடேட்தான் கொஞ்சம் வில்லங்கமான சொல்லு. அதுக்குள்ள இருக்கிறது டிமிட், லத்தீன்ல பயந்தவன் எண்ட கருத்து, அதால இந்தச் சொல்லு பாக்கிறது எதிராளி என்ன சொன்னான் எண்டதை இல்ல, உங்களுக்குள்ள என்ன நடந்தது எண்டதை. நிலாவெளிப் பக்கம் ஒரு காணி எல்லைப் பிரச்சினை எண்டு வைங்கோ, நாலு பெடியள் ரெண்டு மோட்டார் சைக்கிள்ல வந்து உங்கட கேற்றுக்கு முன்னால பின்னேரம் முழுக்க நிக்கிறாங்க, ஒரு வார்த்தை கதைக்கேல்ல, உள்ளுக்கு வரவுமில்ல, இருட்டினாப் பிறகு போயிட்டாங்க. அடுத்தநாள் நீங்க வேலி போடப் போகேல்ல. இது த்ரெட்டன் இல்ல, சுத்தமான இன்டிமிடேட். கிராமர்லயும் ஒரு சின்ன விஷயம், ஹீ இன்டிமிடேட்டட் மீ டு சைன் எண்டு எழுதினா பிழை, இன்டு சைனிங் எண்டுதான் வரோணும்.

ஆனா ஐ ஃபெல்ட் இன்டிமிடேட்டட் எண்டா யாரோ வெருட்டினவங்க எண்டு எடுக்கக்கூடாது. இன்டர்வியூல எதிர்ல அஞ்சு பெரியாக்கள் இருந்தா அப்பிடி வரும், கோணேசர் கோயிலடியில இராவணன் வெட்டில நிண்டு கீழ கடலை எட்டிப் பாத்தாலும் வரும். ஒரு ரீச்சரை ஷீ இஸ் இன்டிமிடேட்டிங் எண்டா பாவம் அவ ஒண்டும் செய்திருக்கத் தேவையில்ல.

புல்லி எண்டது எங்கட சண்டியன். ஒருக்கா வெருட்டினா புல்லியிங் எண்டு சொல்லுறது குறைவு, பலமானவன் பலம் குறைஞ்சவனைத் திரும்பத் திரும்ப வதைக்கிறதுதான் அது. வேடிக்கை என்னெண்டா 16ஆம் நூற்றாண்டில இது செல்லமாக் கூப்பிடுற சொல்லு, ஷேக்ஸ்பியர் நாடகத்தில புல்லி பொட்டம் எண்டு அன்பாத்தான் கூப்பிடுவாங்க. கெம்பஸ் பகிடிவதையை இங்க ராகிங் எண்டே எழுதுங்கோ, 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டத்திலயும் அந்தப் பேர்தான் இருக்கு.

பிளக்மெயிலுக்கும் தபாலுக்கும் சம்பந்தமில்ல. அந்த மெயில் எண்டது பழைய ஸ்கொட்லாந்து எல்லைப் பக்கத்தில வாடகை, திறை எண்ட கருத்தில வந்தது, கொள்ளையடிக்காம விடுறதுக்கு அங்க வாங்கின காசு. நாங்க சொல்லுற கப்பமும் ராசாவுக்குக் கட்டின திறைதானே, ரெண்டு ஊர்க்காரரும் ஒரே மாதிரித்தான் யோசிச்சிருக்கினம். ஆனா இண்டைக்கு கடைக்காரரிட்ட கப்பம் கேக்கிறதை எக்ஸ்டோர்ட் எண்டுதான் எழுதோணும், படத்தைப் போடுவன், ரகசியத்தைச் சொல்லுவன் எண்டு பிடிச்சு வைக்கிறதுதான் பிளக்மெயில்.

இனி முக்கியமான சிக்கல். மேல சொன்னது ஊர் வழக்கு, சட்டத்தில கதை வேற. இலங்கை தண்டனைச் சட்டக்கோவை 1883ல வந்தது, அதில 483ஆம் பிரிவு கிரிமினல் இன்டிமிடேஷன், அதுக்கு விளக்கமே உடம்புக்கோ பேருக்கோ சொத்துக்கோ தீங்கு செய்வன் எண்டு த்ரெட்டன் பண்ணுறது எண்டுதான் தொடங்குது. அதாவது அந்தக் கேற்றடிப் பெடியள் வாயே திறக்காட்டி இங்கிலீஷ்ப்படி இன்டிமிடேட், சட்டப்படி நிறுவுறது கஷ்டம். அதால கொழும்பு ஹெட் ஒஃபிஸுக்கோ வெளிநாட்டுக்கோ முறைப்பாடு எழுதேக்க தே இன்டிமிடேட்டட் மீ எண்டு ஒரே வசனத்தில முடிக்காதீங்கோ. யார், எங்க, எத்தனை மணிக்கு, என்ன சொன்னவன், சொல்லேல்லை எண்டா என்ன செய்துகொண்டு நிண்டவன் எண்டு எழுதுங்கோ, எந்தச் சொல்லைப் போடுறது எண்டு தெரிவு செய்யிறது அதுக்குப் பிறகு. ஒண்டைத்தான் எடுக்கலாம் எண்டா நான் த்ரெட்டனையே எடுப்பன், சொன்ன வார்த்தை கையில இருந்தா மட்டும்.

கடைசியா ஒண்டு, எங்கட சங்கக் கடிதங்கள்ல ப்ளீஸ் இன்டிமேட் அஸ் எண்டு ஒரு பழைய வழக்கம் இருக்கு, அறிவிக்கச் சொல்லிக் கேக்கிறது. நடுவில ரெண்டு எழுத்து கூட விழுந்து அது இன்டிமிடேட் ஆயிட்டா, கூட்டத் திகதியைக் கேக்கப்போன சங்கம் தயவுசெய்து எங்களை வெருட்டுங்கோ எண்டு லெட்டர்ஹெட்ல கேட்டமாதிரி போயிடும். இன்ஃபோர்ம் எண்டு போட்டா இந்தக் கரைச்சலே இல்ல.