பொங்கல் விழாவுக்கு வந்த மிமிக்ரி குழு: தாராளமாகக் கூப்பிடலாம், ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் 42 வீடுகள். இந்த வருடப் பொங்கலுக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், மிமிக்ரி வைக்கலாம் என்று சொன்னது நான்தான். நான்கு பேர், ஒன்றரை மணி நேரம், வண்டிச் செலவு சேர்த்து 15,000 ரூபாய். மைக் செட் நம் பொறுப்பு.

நம்பியார் மாதிரி கையைப் பிசைவது, எம்.ஆர். ராதா மாதிரி இழுத்துப் பேசுவது எல்லாம் நிறையப் பேர் செய்கிறார்கள். நையாண்டி அதற்கு அடுத்த படி. குரல் நடிகருடையது, விஷயம் நம் வீட்டுடையது. இவர்கள் ஒரு வாரம் முன்பே போன் செய்து, "சார், உங்க ஃப்ளாட்ல எதுக்கு அதிகமா சண்டை வரும்?" என்று கேட்டார்கள். தண்ணீர் என்றேன். மெயின்டனன்ஸ் ஏற்றியதையும் சொன்னேன்.

அன்று அவர்கள் எடுத்தது 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனம். ஜாக்சன் துரை இடத்தில் சங்கச் செயலாளர், கட்டபொம்மன் இடத்தில் மூன்றாவது மாடிக்காரர். "தொட்டி கழுவினாயா? மோட்டார் போட்டாயா? லாரி வந்தபோது குடத்தோடு ஓடினாயா?" அந்தப் பையன் ஒல்லி. ஆனால் இடுப்பில் இல்லாத வாளின் மேல் கையை வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் குரலை ஒரு படி ஏற்றி, கடைசிக் கேள்விக்கு முன் மூச்சை நிறுத்தினான் பாருங்கள், அங்கே சிவாஜி தெரிந்தார். மூலத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற எதிர்வீட்டுப் பாட்டி, வரி முடியும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் எழுந்து நின்று கைதட்டியது எங்கள் செயலாளர். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் ராஜாவை நேருக்கு நேராகக் கிண்டல் செய்வானே, அந்தத் துணிச்சல் இதில் இருந்தது.

நடுவில் குண்டான பெண்களைக் கேலி செய்து பத்து நிமிடம் ஒரு நாடகம் போட்டார்கள். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. அதில் யாரையும் போலச் செய்யவில்லை, வெறும் உருவக் கேலி. நிகழ்ச்சி முடிந்ததும் குழுத் தலைவரிடம் சொன்னேன். தட்டாமல் கேட்டுக்கொண்டார். நீங்கள் கூப்பிட்டால் முன்பணம் கொடுக்கும்போதே இது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அன்று இரவு என் மகன், "அப்பா, நிஜமா அந்தப் படத்துல என்ன கேப்பாரு?" என்றான். போனில் அந்தக் காட்சியைத் தேடிப் போட்டேன். மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் தூங்கினான்.